ஒரு நகைச்சுவைக் கலைஞரின் நினைவு மலர்: நாங்கள் பிழையாக வாசித்த வட்டங்கள்

பின்னணி

திருகோணமலையில் தனிநடிப்புச் செய்துவந்த கலைஞர் ஒருவர் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் 36ஆவது வயதில் இறந்தார். அவருடைய ஓராண்டு நினைவுக்கு ஒரு மலர் போட்டுத் தரும்படி வீட்டார் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் நினைவு மலர் என்றால் அதன் அமைப்பு எல்லாருக்கும் மனப்பாடம்: முன் அட்டையில் படம், உள்ளே தேவாரம், வம்சாவளி, நாலு பேரின் அனுதாபச் செய்தி, கடைசியில் நன்றி நவிலல். இவர்கள் கேட்டது அதைவிடப் பெரிது. அவருடைய வாழ்க்கையை யாராவது ஒழுங்காக எழுதவேண்டும், மேடையில் அவர் சொன்னவை அச்சில் நிற்கவேண்டும் என்றார்கள்.

நான்கு பேர் அந்த வேலையை எடுத்தோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் (அவரை ரீச்சர் என்றே இங்கே சொல்கிறேன்), அச்சக வேலை தெரிந்த ஒருவர், கலைஞருக்குப் பல வருடம் ஒலியமைப்புச் செய்த இளைஞர் ஒருவர், நான். நாங்கள் என்ன செய்தோம், எங்கே பிழை விட்டோம் என்பதை, இப்படியொரு வேலையைக் கையில் எடுக்கப்போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சிறு விவரங்களை விட்டிருக்கிறேன்.

தனிநடிப்பு என்றதும் இலங்கைத் தமிழருக்கு கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ நினைவுக்கு வரும். ஒரே ஆள் பஸ் கண்டக்டராகவும் சனமாகவும் மாறி மாறி நிற்பார். எங்கள் கலைஞரும் பாடசாலை நாளில் அந்த வழியில்தான் தொடங்கினார். பிறகு பாத்திரம் போடுவதை மெல்ல மெல்ல விட்டுவிட்டு, மைக்கைப் பிடித்துத் தன் பெயரிலேயே, தன் வீட்டையும் ஊரையும் பற்றிப் பேச ஆரம்பித்தார். இப்போது எல்லாரும் ஸ்டாண்டப் என்று சொல்வது அதைத்தான். அவர் தொடங்கிய காலத்தில் அதற்கு இங்கே பெயர் இருக்கவில்லை. நோட்டீசில் ‘சிரிப்பு நிகழ்ச்சி’ என்று போடுவார்கள், பல சமயம் பாட்டுக் கோஷ்டி வயர் இழுத்து முடிக்கும்வரை இடைவெளியை நிரப்பும் ஆளாக.

2004 டிசம்பரில் கடல் வந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. நலன்புரி நிலையத்தில் பிள்ளைகளுக்கு ஆடிக்காட்டியதுதான் முதல் ‘நிகழ்ச்சி’ என்று பலர் சொன்னார்கள். 2006இல் மூதூர்ச் சனம் இடம்பெயர்ந்திருந்தபோதும் செய்திருக்கிறார். யுத்தம் முடிந்த பிறகு கல்யாண வீடு, கோயில் திருவிழா, விளையாட்டுக் கழக ஆண்டு விழா என்று உவர்மலையிலிருந்து நிலாவெளி வரை, கிண்ணியா வரை போய்வந்தார். பகலில் மோட்டர் சைக்கிள் உதிரிப்பாகக் கடையொன்றில் வேலை. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். கடைசி இரண்டு வருடம் மனைவியோடும் பிள்ளைகளோடும் தன் தாயின் வீட்டில் இருந்தார்.

கையில் கிடைத்தவை

தொலைபேசிகளிலும் கல்யாண வீடியோக்களிலும் இருந்து ஏறத்தாழ பதினொரு மணித்தியாலப் பதிவு சேர்ந்தது. மூன்று சி.ஆர். கொப்பிகள் (கெட்டி அட்டைக் குறிப்பேடுகள்) அம்மாவிடம் இருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, இடம், தந்த காசு, அன்றைக்குச் சொன்ன பகிடிகளின் தலைப்புச் சொற்கள். சில சொற்களைச் சுற்றி நீலப் பேனையால் சின்ன வட்டம். காசு எழுதிய இடத்தில் சில நாட்களில் ‘+ அரை’ என்றும் இருந்தது. அது அரைப் போத்தல் சாராயம் என்பது எங்களில் எவருக்கும் விளக்கவேண்டிய விஷயமில்லை.

இருபத்து மூன்று பேரோடு கதைத்தோம். எல்லாரும் முதல் பத்து நிமிடம் அவருடைய பகிடியைச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘ஆனா உள்ளுக்க சரியான கவலை’ என்றார்கள். ‘ஆனா’வுக்குப் பிறகு வந்தவற்றைத்தான் நாங்கள் விழுந்து விழுந்து குறித்தோம். முன்னால் வந்த பத்து நிமிடங்களில் ஒரு வரிகூட எங்கள் குறிப்புகளில் இல்லை. இதை நான் கவனித்தது எவ்வளவோ பிந்தி.

உபயோகமான தகவலைத் தந்தவர் மனைவி. 2019இல் ஒரு கோயில் கொடியேற்றத்துக்கு விரதம் இருக்கவேண்டும் என்று அவர் குடியை ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். அடுத்த நாள் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. அன்றிரவே வலிப்பு வந்தது. அயலில் ஒருவர் அம்மன் குற்றம் என்றார், இன்னொருவர் நாட்டு வைத்தியரிடம் கொண்டுபோகச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் கொண்டுபோகவில்லை. விடிய எழும்பியவர் கேட்ட முதல் பொருள் சாராயம். குடித்ததும் நடுக்கம் நின்றது. அதற்குப் பிறகு ‘விட்டா வலிப்பு வரும்’ என்ற பயம் அவரை விடவில்லை.

இதை எனக்குத் தெரிந்த டொக்டர் ஒருவரிடம் சொன்னேன். அவர் தலையில் கைவைத்தார். வருடக்கணக்காக நாளாந்தம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அடுத்த நாட்களில் அறிவு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால்தான் மருந்து கொடுத்து ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்துகிறோம் என்றார். மன உறுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் ஊரில் நேர்த்தி வைத்துக் குடியை விடுபவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பார்த்தேன்.

முதல் வரைவு

வரைவை ரீச்சரும் நானும் எழுதினோம். எங்களுக்கு ஓர் அச்சு ஏற்கெனவே மனதில் இருந்தது. சந்திரபாபு. தூத்துக்குடியில் 1927இல் பிறந்து, சிறுவயதில் கொழும்பில் வளர்ந்து, தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்து, 1974இல் கையில் ஒன்றுமில்லாமல் இறந்த கலைஞர். அவர் கதையைத் தமிழில் யார் சொன்னாலும் ஒரே மெட்டில்தான் சொல்வார்கள்: ஊரைச் சிரிக்க வைத்தவன் உள்ளே அழுதான். எங்கள் வரைவும் அந்த மெட்டிலேயே போனது. ரீச்சரின் தமிழ் அழகானது. அதுவும் ஆபத்தாகிவிட்டது.

வட்டங்களுக்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கினோம். 2016 வரை பக்கத்துக்கு ஒன்று இரண்டு வட்டம். 2018, 2019இல் ஐந்து ஆறு. 2021இல் சில பக்கங்கள் முழுக்க வட்டம். மேடை ஏறுமுன் குடித்த அளவை அவர் இரகசியமாகக் கணக்கு வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினோம். அதற்கு ஆதாரம்? எங்கள் மெட்டுக்கு அது பொருந்தியது, அவ்வளவுதான். ஒவ்வொரு பகிடியின் கீழும் இரண்டு வரி விளக்கமும் சேர்த்தோம்: இது தனிமை, இது குற்ற உணர்ச்சி, இது மரண பயம்.

ஒலியமைப்பாளர் அந்த இரண்டு மாதத்தில் வரைவைப் பார்க்கவில்லை. கூட்டங்கள் அவருடைய வேலை நேரத்தில் நடந்தன என்பது நாங்கள் சொன்ன காரணம். அவரை ‘வயர் பிடிக்கிற பெடியன்’ என்று வைத்திருந்தோம் என்பதே உண்மை.

ஒருநாள் பதிவுகளைக் கொடுக்க வந்தவர் மேசையில் கிடந்த கொப்பியைப் புரட்டினார். வட்டங்களைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

“அண்ணை, அது சனம் சிரிக்காத இடம். நிகழ்ச்சி முடிஞ்சு வானுக்குள்ள இருந்து ரெண்டு பேரும் பதிவைக் கேப்பம். சிரிப்பு வராத இடத்துக்கு அவர் வட்டம் போடுவார். திருத்தோணும் எண்டு.”

ஏன் பிறகு பிறகு கூடியது என்று கேட்டேன். புதுச் சரக்கு கூடியது என்றார். கடைசி மூன்று வருடம் அவர் பழையதைச் சொல்ல மறுத்திருக்கிறார். கொரோனாவில் மேடை இல்லாத காலத்தில் தொலைபேசிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்து, அதற்கும் வட்டம் போட்டிருக்கிறார். அவர் குலைந்துபோன ஆண்டுகள் என்று நாங்கள் பன்னிரண்டு பக்கம் எழுதியவைதான் அவர் தொழிலில் ஆகக் கடுமையாக உழைத்த ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் குடித்ததும் உண்மை. இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன. எங்கள் வரைவில் அதற்கு இடம் இருக்கவில்லை.

அம்மா வாசித்த நாள்

வட்ட அத்தியாயத்தை எடுத்துவிட்டு மீதியை அம்மாவுக்கும் மனைவிக்கும் வாசித்துக் காட்டினோம். ரீச்சர்தான் வாசித்தார். 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் சிலிண்டர்கள் வெடித்தபோது அவர் சொன்ன பகிடி ஒன்று வந்தது: ‘முந்தி அம்மா சமைச்சு முடிச்சுத்தான் சாமிக்குப் படைப்பா. இப்ப கும்பிட்டுட்டுத்தான் அடுப்புக்குக் கிட்டப் போறா. சாப்பிடுற நானும் கும்பிடுறன், ஆனா அது முந்தியிருந்தே.’

அம்மா சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு ரீச்சர் எங்கள் விளக்கத்தை வாசித்தார்: மரணம் அருகில் வந்துவிட்டதை உணர்ந்த மனத்தின் நடுக்கம் என்று. அம்மாவின் முகம் மாறியது.

“ரீச்சர், அவன் அதைச் சொல்லேக்க நான்தான் முதல் சிரிச்சனான். அது நடுக்கத்தில சொன்னதில்லை. காஸ் வெடிக்குது எண்டுதான் சொன்னவன். என்ர பிள்ளை பகிடிக்காரன். அவன்ர பகிடி எல்லாத்தையும் அழுகையாக்காதேங்கோ.”

பிறகு அவர் கேட்ட இன்னொன்றையும் எழுதவேண்டும். சாவுக்குக் காரணம் ‘திடீர் மாரடைப்பு’ என்று போடச் சொன்னார். அவர் கேட்டது ஒரு பொய்யை, நாங்கள் எழுதிக்கொண்டு போயிருந்தது இன்னொரு பொய்யை. அவருடையது யாருக்கும் தெரியும் பொய். எங்களுடையது நல்ல தமிழில் இருந்ததால் நாங்களே நம்பியிருந்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலாவது, விளக்கங்கள் முழுவதையும் நீக்கினோம். ரீச்சருக்கு இது கஷ்டமாக இருந்தது. துயரக் கோமாளி என்ற மெட்டு எங்கெல்லாம் ஆளைத் தவறவிடுகிறது என்று தேடியபோது எனக்கு உதவிய உதாரணம் அமெரிக்க ஸ்டாண்டப் கலைஞர் பில் ஹிக்ஸ். 1994இல் 32 வயதில் இறந்தார் என்றதும், குடியும் போதையும் என்று எவரும் நினைப்பார்கள். அவர் அவற்றை விட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இறந்தது கணையப் புற்றுநோயில். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1993 ஒக்டோபரில், டேவிட் லெட்டர்மனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் பேசியதை ஒளிபரப்பாமல் வெட்டிவிட்டார்கள். 2009இல் லெட்டர்மன் அவருடைய தாயை மேடைக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டு, வெட்டிய பகுதியை முழுதாகப் போட்டுக் காட்டினார். அந்தத் தாய்க்கு அவர்கள் விளக்கம் கொடுக்கவில்லை. மகன் பேசியதை அப்படியே போட்டார்கள். ரீச்சர் இதைக் கேட்டுவிட்டு, ‘சரி, வெட்டுங்கோ’ என்றார்.

இரண்டாவது, பகிடிகளை எப்படி அச்சிடுவது. நியூயோர்க்கில் 1964இல் லெனி புரூஸ் என்ற ஸ்டாண்டப் கலைஞர்மீது ஆபாச வழக்கு நடந்தபோது, சபையில் இருந்து குறிப்பெடுத்த அரச அதிகாரி ஒருவர் அந்தக் குறிப்பைப் பார்த்து நீதிமன்றத்தில் ஒப்புவித்தார். அந்த ஆள் கெடுத்துச் சொன்னதற்குத் தன்னைத் தண்டிக்கிறார்கள் என்பது புரூஸின் முறைப்பாடு. தண்டனையும் கிடைத்தது, 1966இல் 40 வயதில் போதைமருந்தால் இறந்தார், 2003இல்தான் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். எழுத்தில் பெயர்க்கும் யாரும் அந்த அதிகாரியின் இடத்தில்தான் நிற்கிறோம். எங்கள் கலைஞரின் மான் பகிடியைப் பாருங்கள்:

‘கோட்டை வாசல்ல மறிச்சு அடையாள அட்டை கேட்டாங்கள். எனக்குப் பக்கத்தால ஒரு மான் போகுது. அதை ஒருத்தரும் கேக்கேல்ல. நான் சொன்னன், சேர், அதுவும் இந்த ஊர்தான், அதுக்கும் சிங்களம் தெரியாது.’

பிரட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்த மான்களைத் தெரியும். டவுனுக்குள் வந்து குப்பை கிளறுவதையும் தெரியும். இருந்தாலும் தாளில் இது புன்னகையோடு முடிந்துவிடுகிறது. மேடையில் அவர் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு, மானாக மாறி, வாயை அசைபோட்டபடி கழுத்தைத் திருப்பிக் காவலரை மேலும் கீழும் பார்ப்பார். நான்கு விநாடி. கிண்ணியாவிலும் சிரித்தார்கள், ஒரு பொலிஸ் விளையாட்டு விழாவிலும் சிரித்தார்கள். எனவே பகிடிகளைக் குறைத்து, பதினாறை மட்டும் தெரிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் எங்கே, யார் முன்னால், எந்த இடத்தில் நிறுத்தினார், எங்கே சிரித்தார்கள் என்று ஒலியமைப்பாளரைக்கொண்டு எழுதுவித்தோம். மலரின் நல்ல பக்கங்கள் அவைதான்.

மூன்றாவது, சாவின் காரணம். வெளிநாட்டில் இருந்து செலவை ஏற்ற அண்ணன் அதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம் என்றார். மனைவி வேறு விதமாகச் சொன்னார்: பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லத்தான் போகிறார்கள், வீட்டுப் புத்தகத்தில் மாரடைப்பு என்று இருந்தால் அவன் எங்களைத்தான் நம்பமாட்டான். பிள்ளைகளோடு வாழப்போகிறவர் அவர் என்பதால் அவருடைய சொல்லுக்கு முதலிடம் கொடுத்தோம். அம்மாவிடம் மூன்று தடவை போனோம். கடைசியில் அவர் ஏற்றுக்கொண்டது இந்த வசனம்: ‘நீண்ட காலக் குடியால் ஈரல் பழுதடைந்து, இரத்த வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில் காலமானார்.’ ஈரல் இறுகி இரத்தம் போக வழியில்லாதபோது உணவுக்குழாயின் இரத்த நாளங்கள் புடைத்து வெடிக்கும் என்று டொக்டர் விளக்கிய பிறகுதான், அந்த இரவில் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தது பிந்திவிட்டதா என்ற கேள்வி அம்மாவைவிட்டுப் போனது. அதைக் கேட்கவே கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருந்தாராம். 2019 வலிப்பைப் பற்றி டொக்டர் சொன்னதும் ஒரு பக்கமாகச் சேர்ந்தது; கீழே தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் போட்டோம்.

நான்காவது, ‘+ அரை’. குடியை எழுதுகிறோம் என்றால் கூலியோடு போத்தல் கொடுத்தவர்களையும் எழுதவேண்டாமா என்று மனைவி கேட்டார். பெயர் போடாவிட்டாலும் தேதியும் இடமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும், ஊருக்குள் சண்டை வரும் என்று விட்டுவிட்டோம். அந்த விவாதத்தில் நான் வாய் திறக்கவில்லை.

அச்சும் வெளியீடும்

2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. ஆண்டு முடிவிலும் கடதாசி விலை இறங்கவில்லை. சாவின் காரணத்தைப் போடுகிறோம் என்று தெரிந்ததும் அண்ணன் காசைப் பாதியாகக் குறைத்தார். 500 பிரதி என்றிருந்ததை 300 ஆக்கி, நிறப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கி, 64 பக்கத்தில் முடித்தோம். திவசத்தன்று சாப்பாடு முடிந்த பிறகு வீட்டு முற்றத்திலேயே கொடுத்தோம். பேச்சுகள் வைக்கவில்லை. ஒலியமைப்பாளர் சின்ன ஸ்பீக்கரில் மான் பகிடியைப் போட்டார். மானின் நான்கு விநாடியில், படம் இல்லாமலே, முற்றம் சிரித்தது.

பிறகு

அந்த டொக்டர் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போனவர்கள் ஏழெட்டுப் பேர். ஒருவர் தன் தம்பியை ஆஸ்பத்திரியில் வைத்துக் குடியை நிறுத்தியதாகச் சொன்னார். அந்தத் தம்பி இன்றும் குடிக்காமல் இருக்கிறாரா என்று நான் போய்க் கேட்கவில்லை. அண்ணன் ஆறு மாதம் எங்களோடு கதைக்கவில்லை, பிறகு இருபது பிரதி கேட்டு எழுதினார். மூத்த மகன் மலரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் மான் பகிடியைச் செய்து காட்டினானாம். நன்றாக வரவில்லையாம். அவனே சொன்னான்.

சிலருக்கு மலர் பிடிக்கவில்லை. செத்த ஆளின் குடியை எழுதியது பாவம் என்றார்கள். இன்னும் சிலர் அவருடைய ‘உள் வலி’யை நாங்கள் எழுதவில்லை என்று குறைப்பட்டார்கள். முன்னதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. பின்னதற்கு அம்மாவிடம் அனுப்பினேன்.

மறுபடி செய்வதானால்

ஆளோடு வானுக்குள் இருந்தவரை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுவேன். வரைவை முடித்துக்கொண்டு போய் வீட்டில் வாசிப்பதை விட்டு, நாலு பக்கம் எழுதியதும் வாசிப்பேன். மூன்று மாதம் மிஞ்சியிருக்கும். கதைத்தவர்கள் சிரித்துக்கொண்டு சொன்னதையும் குறிப்பேன். பதிவுகளை எவரும் கேட்கும்படி வைத்திருக்கவேண்டும். இன்னமும் ஒலியமைப்பாளரின் கம்பியூட்டரில்தான் கிடக்கின்றன. செலவை ஏற்பவர் உள்ளடக்கத்தில் எவ்வளவு தலையிடலாம் என்பதையும் தொடக்கத்திலேயே கதைத்து முடித்திருக்கவேண்டும்.

‘+ அரை’ விஷயத்தில் எடுத்த முடிவையும் மாற்றுவேன். மலர் வந்து நான்கு மாதத்தில் மனைவி நான்காவது கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். நாங்கள் எப்படி எழுதுகிறோம் என்று பார்த்துவிட்டுத் தரலாம் என்று வைத்திருந்தாராம். 2017இல் எங்கள் விளையாட்டுக் கழக ஆண்டு விழாவின் ஏற்பாட்டுக் குழுவில் நானும் ஒருவன். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். தேதி சரி, இடம் சரி. ‘4000 + அரை’ என்று இருந்தது. அரையை மேடைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். பகிடிகளின் தலைப்புகள் ஒன்பது. ஒன்றுக்கும் வட்டம் இல்லை.